தூக்கிய கால்

காலையிலிருந்து படகுக்காரன் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நிற்கிறான் என்று பெலிக்ஸ் வந்து சொன்னான். படகுக்காரன் வரும் கணினி விளையாட்டைச் சோதிப்பது பெலிக்ஸின் வேலை. அதன் நிரலை எழுதியவள் தாமரைச்செல்வி. விளையாட்டுக்குள் ஒவ்வொருவரும் கொஞ்சம் நகர்ந்துவிட்டு அடுத்தவருக்கு முறையை விடுவார்கள். மறுபடி தம் முறை வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்கள். படகுக்காரனைத் திரும்ப வரிசையில் சேர்க்கும் வரியை மட்டும் அவள் எழுத மறந்திருந்தாள்.

"செத்துட்டானா?"

"இல்ல. யாரும் கூப்பிடல, அவ்வளவுதான்."

வரியைச் சேர்த்து, நின்ற இடத்திலிருந்தே ஓடவிட்டாள். திரைக்குள் பொழுது சாய்ந்திருந்தது. படகுக்காரன் காலைக் கீழே வைத்தான். கையை உயர்த்தி, காலையில் ஆரம்பித்த பேச்சின் மீதியைச் சொன்னான்: "நில்லு தாயி, நானும் வர்றேன்." அவன் கூப்பிட்ட சிறுமி மதியமே பாலம் வழியாக அக்கரை போய்விட்டிருந்தாள். வெறும் பாதையைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெலிக்ஸும் விழுந்து விழுந்து சிரித்தான். "சரியாயிடுச்சு. புகாரை க்ளோஸ் பண்ணிடவா?"

தாமரைச்செல்வி போனை எடுத்தாள். "ஒண்ணு சொல்லணும், நீ கோபப்படக் கூடாது" என்று அக்கா தொடங்கியபோது, "இரு அக்கா, மீட்டிங், நானே கூப்பிடறேன்" என்று இவள் போனை வைத்திருந்தாள். அது நடந்து பதினோரு வாரம் ஆகிவிட்டது.

மூன்றாவது மணியில் அக்கா எடுத்தாள்.

"சொல்லுக்கா. அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"அதுவா?" என்றாள் அக்கா. "அது முடிஞ்சுபோச்சுடி."