கல்யாணப் படத்துப் பல்

“கழட்டச் சொல்லுங்க!”

“கழட்டவா? மயிரிழை பிசகாமப் பொருந்தியிருக்கு, நீ என்னடான்னா...”

“வாய்க்குத்தான பொருந்தியிருக்கு!”

கணவர் மிக்கேலின் உடைந்த முன்பல்லுக்குக் கேப், அதாவது மேலுறை, செய்யும் பல் ஆஸ்பத்திரி இயந்திரம், பல்லின் பழைய வடிவத்தைப் பார்க்கப் படம் கேட்டபோது, சிசிலிதான் ஆசையாகக் கல்யாணப் படத்தைக் காட்டினாள். அந்தப் படம் எடுத்த பிறகுதான், விருந்தில், கலர் பாட்டில் மூடியைக் கடித்துத் திறந்து அவர் பல்லை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நாற்பது வருடம், அந்த மூளிப்பல் வழியே அவள் பெயர் மெல்லிய விசிலோடுதான் வந்தது.

“சிசிலி,” என்று கெஞ்சினார். சுத்தமாக வந்தது. வங்கியில் யாரோ வரிசையில் நிற்பவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாக்கைக் கொஞ்சம் மடிச்சு, இன்னொருக்கா கூப்பிடுங்களேன்.”