பசை வாளி

கண்காட்சியின் கடைசிப் படத்தில் சூசை வாளியோடு நின்றான். அவனைப் போலீஸ் பிடித்துப்போன மறுநாள் இதே படத்தைப் போட்ட பத்திரிகை, ‘வெடிமருந்துடன் தீவிரவாதி’ என்று எழுதியது. அவன் பிணமாக வந்த பிறகு கட்சிக்காரர்கள் அதையே சுவரொட்டியாக அடித்து, ‘மாவீரன்’ என்று போட்டார்கள். இரண்டையும் கிழித்து அடுப்பில் போட்டவள் அவனுடைய அக்கா செலின். இந்தக் கண்காட்சிக்காரர்கள் என்ன எழுதித் தொலைத்திருக்கிறார்களோ என்று படத்தின் கீழே குனிந்து படித்தாள்.

‘இளைஞர் பேரவை உறுப்பினர் சூசை, சுவரொட்டி ஒட்டும் பசை வாளியுடன்.’

“யாரும்மா இதை எழுதுனது?”

படங்களுக்குக் குறிப்பு எழுதும் பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். “நான்தாங்கம்மா. தப்பா இருந்தா மாத்திடறேன்.”

“பசைன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். வாளி ஓரத்துல வெள்ளையா வழிஞ்சு காய்ஞ்சிருந்துச்சு.”

செலின் அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நான் காய்ச்சின பசை தாயி. சீக்கிரம் ஊத்து அக்கான்னு பறந்தான். நான்தான் வழிய விட்டுட்டேன்.”

பிறகு முந்தானையை எடுத்து, கண்ணாடியின் மேல், அந்த வாளியின் ஓரத்தைத் துடைத்துவிட்டாள்.