அத்தை சொன்ன காரணம்

"இதுக்கு முன்னாடி கரு ஏதாவது கலைஞ்சிருக்கா? கிளீன் பண்ணியிருக்காங்களா?"

ஸ்கேன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் டாக்டர் கேட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் மாமியார் நின்றிருந்தார்.

"இல்ல டாக்டர்," என்றேன்.

பொய். கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவை. வேறொருவனை நம்பிய காலம் அது. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. என் கணவருக்குத் தெரிந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

"முதல் குழந்தை?"

"பேரனுக்கு ரெண்டு வயசு. நார்மல் டெலிவரிதான். கத்தியே படாத வயிறு!" அத்தை முந்திக்கொண்டார், ஏதோ அவரே பெற்ற மாதிரி.

"சிசேரியன் இல்ல, கிளீன் பண்ணதும் இல்ல..." டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "கரு ரொம்பக் கீழே தெரியுது. கலைஞ்சு இறங்கிட்டிருக்கு, அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு தியேட்டர்ல சுத்தம் பண்ணிடலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

'டாக்டர், ஒரு நிமிஷம்' என்று கூப்பிட வாயெடுத்தேன். பக்கத்திலேயே அத்தை.

நான் படித்த கான்வென்ட்டில் வாரா வாரம் செய்த தப்பைத் தாளில் எழுதி சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். சின்னச் சின்னத் தப்பாகப் பார்த்து எழுதி நல்ல பெயர் வாங்கியவள் நான்.

டாக்டர் வெளியே போனார். பின்னாலேயே அத்தையும்.

கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். அத்தை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். டாக்டர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆரம்பிச்சாச்சு, என் புராணம்! காலையில் ரத்தம் பட்டதைப் பார்த்து நான் அழுதபோதே, "கான்வென்ட் பொண்ணு இல்லையா, எறும்பு கடிச்சாலும் ஊரைக் கூட்டும்," என்று முணுமுணுத்தவர்தானே. டாக்டரையும் விட்டுவைக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் டாக்டர் திரும்பி வந்தார். அவர் மட்டும்.

"இன்னொரு தடவை பாக்கணும்மா. உள்ளே வெச்சுப் பாக்கற ஸ்கேன். லேசா அழுத்துவேன், பயப்படாதே."

அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கூட இருந்த பயிற்சி டாக்டரிடம் திரையைக் காட்டினார்.

"இறங்குற கருன்னா அழுத்தினா வழுக்கி நகரும். இது இம்மி நகரல பாரு. சுத்திலும் ரத்த ஓட்டம் வேற. இது கருப்பை வாயிலேயே வேர் விட்டிருக்கு."

"இடம் மாறின கரு குழாய்லதானே தங்கும் மேடம்?"

"அது நாம அடிக்கடி பாக்கறது. சிசேரியன் தழும்புல தங்கறதும், கருப்பை மூலையில தங்கறதும், இப்படி வாயில தங்கறதும் அபூர்வம். இது கலையற கரு மாதிரியே வேஷம் போடும். நம்பிச் சுரண்டியிருந்தோம்னா..." என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சுரண்டியிருந்தா?" என்றேன்.

"ரத்தத்தை நிறுத்தறது ரொம்பக் கஷ்டம்மா. தியேட்டர் வேண்டாம். ஊசி போட்டுக் கரைச்சுடலாம். சில நாள் இங்கேயே இரு."

வீட்டிலிருக்கும் பிள்ளையின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும், என் பொய் தப்பித்துவிட்டது என்று ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தகவல் கேட்டுக் கணவர் வேலையிலிருந்து ஓடி வந்தார். வந்ததும் வராததுமாக, "எப்படி டாக்டர்? நல்லாத்தானே இருந்தா. ஏன் இவளுக்கு மட்டும் இப்படி?" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் போர்வையைப் பார்த்தேன்.

"என்னாலதான்டா," என்றார் அத்தை.

"என்னம்மா சொல்றீங்க?"

"போன வாரம் வாஷிங் மெஷினை நகர்த்தச் சொன்னேன். பின்னாடி பெருக்கணும்னு."

"உங்களுக்கு அறிவிருக்காம்மா? மாசமா இருக்கறவளைப் போய்..." அவர் கத்திய கத்தலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அது ஒரு உயிரும்மா!"

"தப்புதான்டா. வயசாச்சு, புத்தி மழுங்கிப்போச்சு."

வாஷிங் மெஷினை யாரும் நகர்த்தவில்லை. எனக்குத் தெரியும். ஏனென்று புரியாமல் அத்தையையே பார்த்தேன்.

"ஊசி மருந்து வாங்கிட்டு வாங்க," என்று டாக்டர் சீட்டைக் கொடுத்து அவரை அனுப்பினார். தானும் போய்விட்டார்.

"அத்தை, ஏன் இப்படி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாளை எடுத்தார். பிரிக்கும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன், வேறொரு ஆஸ்பத்திரியில், என் பெயரில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. தொலைந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தது.

"கல்யாணமான புதுசுல உன் சர்டிபிகேட் ஃபைலை அவன் கேட்டான். குடுக்கறதுக்கு முன்னாடி இதை உருவி என் பீரோல வெச்சுட்டேன். காலையில ரத்தம்னு நீ சொன்னதும் எடுத்துப் பையில போட்டேன். டாக்டர் கேட்பாங்கன்னு தெரியும். நீ சொல்லமாட்டேன்னும் தெரியும். வெளியில போய் இதைக் காட்டினதும்தான், முன்னாடி கிளீன் பண்ணவங்களுக்குக் கரு வாயில தங்கலாம்னு சொல்லி மறுபடி ஸ்கேன் பண்ண வந்தாங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தை தாளை மறுபடி நாலாக மடித்தார்.

"இனிமே டாக்டர்கிட்ட உண்மையை மட்டும் சொல்லு. வீட்ல பொய் சொல்ல நான் இருக்கேன்."