மூலைக் காட்டின் ஒற்றை மர வரிசை

இதோ பாருங்கள் கண்ணுகளா, மத்தியான வெளிச்சத்தில் ஒருத்தி கணினித் திரைமுன் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அதில் நடக்கும் போர் விளையாட்டுப் போட்டிக்கு வரைபடம் அமைத்தவள் அவள்தான். இதுவரை தெற்கிலிருந்து ஆடியவர்கள் எல்லோரும் தோற்றுவிட்டார்கள். இன்றும் தோற்றால், ஓரவஞ்சனை என்று போட்டி நடத்துபவர்கள் அவள் வரைபடத்தையே தூக்கிவிடுவார்கள். "வடக்குக்கு மட்டும் செல்லம் குடுத்துட்டியாக்கா?" என்று தங்கை சீண்டுகிறாள். "பாதிய வரைஞ்சு அதையேதான்டி திருப்பி வச்சேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எவனும் முழுசா தேடல." தெற்கின் கோட்டை எரிகிறது, பாலம் முழுக்க எதிரிப் படை. கோட்டையைச் செப்பனிட மரம் தீர்ந்துபோன தெற்குக்காரர், யாரும் சீண்டாத மூலைக் காட்டுக்கு வெட்டுக்காரர்களை அனுப்புகிறார். ஒரு மரம் சாய்கிறது. அடர்காடு என்று எல்லோரும் நம்பிய இடத்தில் நின்றது ஒற்றை வரிசைதான். அப்பால் வெயில் விரித்த பாதை, நேராக வடக்கின் காவலில்லாத கொல்லைப்புறத்துக்கு. குதிரைகள் பாய்கின்றன. "அய்யய்யோ, இது எங்கய்யா இருந்துச்சு?" என்று வர்ணனையாளர் அலறுகிறார். "வடக்குலயும் இருக்குடா, வெட்டிப் பாரு!" என்று இவள் திரையோடு மல்லுக்கு நிற்கிறாள். வடக்கின் கொடி சரிகிறது. தங்கை அவளை அலாக்காகத் தூக்கும்போது, தோற்ற வடக்குக்காரரின் குரல் சிரிப்போடு வருகிறது: "இன்னொரு ஆட்டம் வைங்கப்பா. இதே மேப்தான். இந்தத் தடவ தெற்கு எனக்கு!"