பக்கம் 212-க்கு ஆதாரம்

"இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, எல்வுட்."

டொரண்டோவிலிருந்து விமானத்தில் ஹாலிஃபாக்ஸ் வந்து, அங்கே வாடகைக் கார் எடுத்து லூனன்பர்க் வரை ஓட்டி வந்த களைப்பு லோர்னாவின் குரலில் இருந்தது. எல்வுட் ஸ்விக்கரின் ஆறு புத்தகங்களுக்கும் பதிப்பகத்தில் அவள்தான் எடிட்டர்.

எல்வுட் அடுப்பில் மீன் கட்லெட்டைத் திருப்பிப் போட்டார்.

"உனக்கு ரெண்டா, மூணா?"

"நான் கேட்டது 212-ஆம் பக்கத்துக்கு ஆதாரம். கட்லெட் இல்ல."

இருபது வருஷமாக எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் அவர். ஒரு கவிஞர் எந்த ரயிலில் ஊரை விட்டுப் போனார் என்று எழுத, பழைய ரயில் அட்டவணையைத் தேடி மூன்று மாதம் அலைந்த ஆள். பேட்டி என்றால் ஒலிநாடாவில் பதிவு செய்வார்; சொன்னவரிடம் கையெழுத்தும் வாங்குவார். அந்தப் பெயருக்காகத்தான் பதிப்பகம் எதையும் கேட்காமல் அச்சடித்தது.

இந்தப் புத்தகம், மறைந்த அமெரிக்க நாவலாசிரியர் ஹார்லன் டேகட்டைப் பற்றியது. 212-ஆம் பக்கத்தில் ஒரு வரி: கடைசி வருஷங்களில் அவர் மனைவியை அடித்தார். கீழே 'தனிப்பட்ட பேட்டி' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

லோர்னா செய்தித்தாளை மேசையில் விரித்தாள்.

"டேகட்டோட மக பிரிஸில்லா சொல்லியிருக்கறதைப் படிச்சீங்களா? 'அப்பா அம்மா மேல கை வெச்சதே இல்ல. ஸ்விக்கர் ஒரு பொய்யர்.'"

"படிச்சேன். படம் நல்லா வந்திருக்கு. அம்மா கையைப் பிடிச்சுட்டு நிக்கறா, பாரு."

"படத்தையா பாக்கச் சொன்னேன்?"

"அந்தம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. இன்னிக்கும் புருஷன்தான் தெய்வம். இந்த மகளை விட்டா சூப் ஊட்ட ஆள் கிடையாது."

"பாவம்தான். அப்போ அந்த வரியை எழுதாம இருந்திருக்கணும்."

"இருந்திருக்கலாம்" என்றார் எல்வுட்.

"திங்கட்கிழமை புத்தகத்தைக் கடைகள்லேருந்து திருப்பி எடுக்கறாங்க. 'ஆசிரியர் ஆதாரம் காட்டவில்லை'ன்னு அறிக்கை வரும். இதுக்கு முன்னாடி எழுதின அஞ்சு புத்தகத்தையும் இனிமே யார் நம்புவா?"

"கட்லெட் ஆறுது, லோர்னா."

"நாடா இருந்தாக் கொடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"உங்கிட்டக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

லோர்னா தட்டைத் தொடவில்லை. கிழவருக்கு எழுபத்தொன்று. காதில் விழுந்த ஊர்ப்பேச்சைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார், வேறென்ன? இருபது வருஷமாக இவருக்காக எத்தனை பேரிடம் வாதாடியிருப்பாள்!

"கடைசியில நீங்களும் கதை எழுத ஆரம்பிச்சுட்டீங்க."

எல்வுட் அடுப்பை அணைத்தார். கார் வரை கூடவே வந்தவர், ஒரு சின்ன பார்சலை நீட்டினார்.

"தபாலாபீஸ் வழியாத்தானே போற? அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. இதைச் சேர்த்துடேன்."

வேண்டாவெறுப்பாக வாங்கிப் பின்சீட்டில் எறிந்தாள்.

தபாலாபீஸ் பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பார்சலில் ஒட்டியிருந்த சுங்கச் சீட்டைப் படித்தாள்.

"அமெரிக்காவுக்கா? எல்வுட் கையெழுத்துதான். ஊரே உள்ள எதை வெச்சாலும் 'பரிசுப் பொருள்'னு கிறுக்கிட்டுப் போகும். உள்ளதை உள்ளபடி எழுதறவர் இவர் ஒருத்தர்தான். கேளுங்க: 'பேட்டி ஒலிநாடா இரண்டு. கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று. எல்லாம் அசல். நகல் கிடையாது. பேட்டி கொடுத்தவருக்கே திருப்பி.'"

லோர்னா பார்சலைத் தன் பக்கம் இழுத்தாள். முகவரியைப் பார்த்தாள்.

மிஸ் பிரிஸில்லா டேகட்.

"என்னம்மா, அனுப்பலாமா, வேணாமா? மூடற நேரமாச்சு."

பார்சல் இன்னும் லோர்னாவின் கையில்தான் இருந்தது. காருக்கு எடுத்துப் போனால், திங்கட்கிழமை அறிக்கையே வராது.

"பதிவுத் தபால்ல அனுப்புங்க" என்று அதைத் தராசின் மேல் வைத்தாள். "மக கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும். அவ அம்மா கையில மட்டும் கொடுத்துடக் கூடாது."