தண்ணீர்ப் புட்டி

"தண்ணீங்க," என்றான் காளியப்பன்.

"கூடாது, சாமி. டாக்டர் கத்தி வைக்கிற வயிறு. காஞ்சு கெடக்கோணும்."

காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் வேலுசாமி அவனுடைய மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். கரட்டுக் கல்குழியிலிருந்து முகாம் ஆஸ்பத்திரிக்கு நாலு மைல். பங்குனி வெயிலில் தண்டவாளத்தின் மேல் கானல் நெளிந்தது. தள்ளுவண்டி ஒரு மைல்கூடப் போயிருக்கவில்லை.

அரை மணிக்கு முன்பு, அணைக்குக் கல் ஏற்றிய வண்டி ஒன்று கொக்கி கழன்று சரிவில் உருண்டது. கீழே நின்ற வண்டிக்கும் அதற்கும் நடுவில் காளியப்பன் அகப்பட்டுக்கொண்டான்.

வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கூடியவர்களில் ஒருவன் சோடா உடைக்கப் போனான். வேலுசாமி தடுத்தார். இமையை இழுத்துப் பார்த்தார். கால் விரல்களை ஆட்டச் சொன்னார், ஆட்டினான். வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பலகை மாதிரி இருந்தது.

முழங்காலுக்கு அடியில் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்து, மூங்கில் தட்டியோடு அவனைச் சேர்த்துக் கட்டினார். வண்டி தள்ளுகிற பெரியசாமியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மெல்லப் போ. குலுங்கக் கூடாது."

பெரியசாமி அவரை ஒரு முறை பார்த்தான். பிறகு தள்ள ஆரம்பித்தான்.

காளியப்பனின் மனைவி உண்ணாமலை கரட்டின் மறுபக்கம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டி வர ஆள் போயிருந்தது.

"ஒரு வாய்ங்க."

"கூடாதுன்னேன்ல."

வேலுசாமியின் இடுப்பில் தொங்கிய தண்ணீர்ப் புட்டி பட்டாளத்தில் கொடுத்தது. யுத்தத்தின்போது பாஸ்ராவில் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலை பார்த்து, ஊர் திரும்பியபோது அதையும் கொண்டு வந்திருந்தார். கல்குழியில் அந்தப் புட்டியைத் தெரியாதவர்கள் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் இதே பெரியசாமி இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நசுங்கினான். நாலு மைலும் தண்ணீர் கேட்டு டிரெஸ்ஸரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே போனான். அவர் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. டாக்டர் வயிற்றைக் கிழித்துத் தைத்தார். பிழைத்தான்.

சாரத்திலிருந்து விழுந்த சுப்பையனுக்கோ, கேட்பதற்கு முன்பே புட்டியைத் திறந்து தம் கையாலேயே கொடுத்தார். சுப்பையன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அதிலிருந்து குழியில் அது ஒரு பேச்சாகிவிட்டது. கஞ்சி வேளையில் யாருக்காவது புரையேறினால் போதும், காளியப்பன் எழுந்து டிரெஸ்ஸர் மாதிரியே நடந்து வந்து, இல்லாத புட்டியை இடுப்பிலிருந்து அவிழ்ப்பான். "நான் தண்ணி குடுத்தாப் பாடை கட்டுங்கடா. குடுக்கலீன்னா ஊட்டுல சோறாக்கச் சொல்லுங்கடா." எல்லோரும் சிரிப்பார்கள்.

மருந்துக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் வேலுசாமிக்கு அந்தச் சிரிப்பு கேட்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதில்லை. அவரைப் பார்த்தாலே அவர்களுக்குக் காயம்தான் நினைவுக்கு வரும்.

"தண்ணி..."

"கூடாது."

காளியப்பன் வறண்ட உதட்டோடு சிரிக்கப் பார்த்தான். "அப்பச் சோறாக்கச் சொல்லுங்க."

இரண்டாவது மைல் கல் கடந்து போயிற்று. காளியப்பனின் கை சில்லிட்டிருந்தது. அத்தனை வெயிலிலும் நெற்றியில் வேர்வை குளிர்ந்து நின்றது.

"உண்ணாமலை வாராளுங்களா?"

வேலுசாமி பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். தண்டவாளம் சிறுத்து முடிகிற இடத்தில், கானலுக்குள், சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

"வாரா."

மூன்றாவது மைல் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் காளியப்பன் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டான்.

வேலுசாமி மணிக்கட்டை இன்னும் சிறிது நேரம் பிடித்திருந்தார். பிறகு அதை மெதுவாக அவன் நெஞ்சின் மேல் வைத்தார். நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. வண்டி தானாக நின்றது.

பெரியசாமி தலைத்துண்டை அவிழ்த்தான்.

"என்னையக் கொண்டு போனப்ப, ஓடு ஓடுன்னு கத்திட்டே வந்தீங்க," என்றான். "எனக்கு நெனப்பிருக்குதுங்க."



குழியிலேயே, வயிற்றில் கை வைத்தபோதே, மணிக்கட்டில் நாடி நூல் இழைபோல நழுவியது அவருக்குத் தெரிந்திருந்தது. கத்தி வைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அதனால் கூடுதலாக ஒரு கெடுதலும் வந்திருக்காது.

கொடுத்திருந்தால் காளியப்பனுக்குத் தெரிந்திருக்கும்.

சிவப்புப் புள்ளிக்கு இப்போது கையும் காலும் வந்திருந்தன. ஓடி வந்துகொண்டிருந்தாள்.

வேலுசாமி புட்டியைத் திறந்தார். துண்டின் முனையை நனைத்துக் காளியப்பனின் வெடித்த உதடுகளைத் துடைத்தார். மீண்டும் நனைத்துத் துடைத்தார். பிறகு புட்டியைக் கவிழ்த்து, மிச்சம் முழுவதையும் தண்டவாளத்தோரச் சரளையில் ஊற்றினார்.

பெரியசாமி ஈரம் காயாத கற்களின் மேல் போய் நின்றுகொண்டான்.

உண்ணாமலை வந்து சேர்ந்தாள். உடனே அழவில்லை. புருஷனின் உதட்டைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள்.

"தண்ணி கேட்டாருங்களா?"

வேலுசாமி புட்டியை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"வயிறு நெறையக் குடிச்சாருங்களா?"

காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"நெறையக் குடிச்சான், அம்மிணி."