கெண்டைக்கால் பிடிப்பு

“அதோ, விழுந்தாச்சு!” என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

கால்பந்து மைதானத்தில் ஒட்டகம் வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு துடித்தான். பின்களத்தில் ஆடும் அந்த ஆறடி மூன்றங்குலத்துக்கு அணி வைத்த பெயர் அது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்கள். அவன் நொண்டியதோ இடது காலை.

எலும்பு முறிவு வார்டில் பதினோரு வருஷம் நர்ஸாக இருப்பவளிடமா இந்த வித்தை?

அவனுக்குப் பதிலாக அவள் தம்பி இறங்கினான். அணியில் அவன் பெயர் ஸ்டெப்னி. போன வாரம் நடுக்களம், அதற்கு முந்தின வாரம் இடது ஓரம். எவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் அந்த இடத்தில் இவன்தான். கோல்கீப்பருக்கு வயிற்றுவலி வந்த அன்று கையுறை மாட்டிக்கொண்டு கோலிலும் நின்றிருக்கிறான். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட, ஆட்டம் தொடங்கும்போது உள்ளே நின்றதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினாள்.

“அத்தனையும் ஏமாத்துப் பசங்கடா! அறுபது நிமிஷம் ஓடிட்டு, மீதி வேலையை உன் தலையில கட்டிட்டு ஹாயா உக்காந்துக்கறாங்க. நீ என்ன இளிச்சவாயனா?”

“விளையாடக் கிடைக்குதேக்கா.” தம்பி ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான்.

“உங்க கோச்சுக்குக் கண்ணு தெரியலையா?”

“அவரு நோட்டைத்தான் பாப்பாரு. எந்த இடத்துல எத்தனை நிமிஷம் ஆடியிருக்கேன்னு அதுல இருக்கணும். இல்லாதவனை முதல்லயே இறக்க மாட்டாரு.”

“இறக்காம எப்படிடா நிமிஷம் வரும்?”

தம்பி ஷூவை ஓரமாகத் தள்ளினான். “ஃபைனல்லயும் பெஞ்சுதான்னா, ஷூவைக் கழட்டி வச்சுடறேன்க்கா. போதும்.”

அப்படிப் பேசுகிற ரகமே இல்லை அவன். அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஃபைனல் அன்று காலை வார்டில் இருந்தபோது போன் வந்தது.

“அக்கா! கோச் நோட்டைப் புரட்டிப் பாத்தாராம். ‘ஆறு இடத்துல உன் நிமிஷம் இருக்கு. எல்லாத்துலயும் நல்லா ஆடியிருக்கே. இனிமேலும் உன்னை உக்கார வச்சா எனக்குத்தான் அசிங்கம்’னாரு. நடுக்களம்க்கா. முதல்லேர்ந்தே!”

கையில் மாவுக்கட்டு மாவு காய்வதுகூடத் தெரியாமல் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். காலைத் தூக்கிக் கட்டியிருந்த பெரியவர்கூடக் கை தட்டினார்.

சாயங்காலம் தம்பி ஆடிய ஆட்டம் இருக்கிறதே! தன் ஆட்களில் யார் எந்த நேரத்தில் எங்கே நிற்பார்கள் என்று அவனுக்கு அத்துபடி. எல்லார் இடத்திலும் நின்று பார்த்தவனாயிற்றே. எழுபதாவது நிமிஷம் அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தள்ளிய பந்து நேராகப் போய்ச் சேர வேண்டியவன் காலில் சேர்ந்து, கோலானது.

“என் தம்பி! அது என் தம்பி!” என்று பக்கத்தில் இருந்தவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பாவம், அவர் எதிரணி ஆள்.

ஆச்சரியம் என்னவென்றால், அன்று ஒருத்தனும் விழவில்லை.

“கப்பு கிடைக்கும்னதும் எல்லாக் காலும் குணமாயிடுச்சு பாரு,” என்று முணுமுணுத்தாள்.

ஒரே கோலில் ஜெயித்தார்கள். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் மைதானத்தைச் சுற்றினார்கள். ஒட்டகம் மட்டும் கோட்டோரம் உட்கார்ந்திருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான் என்று அக்கா நேரே அவனிடம் போனாள்.

“என்னப்பா, இன்னிக்கு எந்தக் கால்?”

கேட்டபடியே அவன் கெண்டைக்காலில் கை வைத்தாள். கல்லாக இறுகிக் கிடந்தது.

“ஐயோ, நிஜமாவே பிடிச்சிருக்கே! எப்பலேர்ந்து?”

“அரைமணி இருக்கும்க்கா.”

“ஏம்ப்பா வெளிய வரலை?”

“வந்தா, கோச் உங்க தம்பியைத்தான் பின்னால இழுத்து என் இடத்துல போடுவாரு. இப்பதான் அவனுக்குன்னு ஒரு இடம் கிடைச்சிருக்கு.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. “அப்போ… மூணு வருஷமா ஆளாளுக்கு விழுந்தது?”

“நோட்டுல அவன் நிமிஷம் ஏறணுமே! உள்ள வந்தாக் காட்டிடுவான்னு எங்களுக்குத் தெரியும், கோச்சுக்குத்தானே தெரியலை? அதான் முறை வச்சு விழுந்தோம். அவன்கிட்ட சொல்லிடாதீங்கக்கா.”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டகம் சிரித்தான்.

“பொய்யா விழறது சுலபம்க்கா. இன்னிக்கு விழாம நின்னதுலதான் உயிரே போயிடுச்சு.”